ஒரு அணு குறைந்தால் என்ன? காபன் நனோகுழாயின் பழுதுகளும் அதன் வரலாறும்

காபன் நனோகுழாயைப் பற்றி வருகிற அறிவியல் செய்திகளில் பெரும்பாலும் ஒரு வசனம் இருக்கும்: "உருக்கை விட நூறு மடங்கு பலம், எடையோ ஆறில் ஒரு பங்கு." பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சியிலும் இதே வசனம்தான், யூடியூப் காணொளியிலும் இதே வசனம்தான். கேட்டுக் கேட்டு எங்களுக்குப் பழகிப்போச்சு. ஆனால் அந்த வசனத்தை நம்பினால் உடனே ஒரு கேள்வி வரவேணும். அப்படியொரு பொருள் 1991 இலேயே உலகப் பிரபலம் ஆகிவிட்டதெண்டால், முப்பது வருசத்துக்குப் பிறகும் பாலங்கள் ஏன் இன்னும் உருக்குக் கம்பியில் தொங்குகின்றன?

விலை ஒரு காரணம், உண்மைதான். ஆனால் அதை விட ஆழமான காரணம் ஒன்று இருக்கு. அந்த வசனம் ஒரு பழுதும் இல்லாத குழாயைப் பற்றியது. உண்மையான குழாயில் எங்கேயோ ஒரு அணு குறையும், எங்கேயோ ஒரு பிணைப்பு திரும்பி நிற்கும். அந்தச் சின்னப் பழுது என்ன செய்யும், எதைச் செய்யாது என்பதைக் கண்டுபிடிக்க ஆய்வாளர்களுக்குப் பல வருசம் எடுத்தது. அந்தக் கதைதான் இது.

இரண்டு கேள்விகளைக் குழப்பக்கூடாது

உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு யங்கின் மட்டு ஞாபகம் இருக்கும். தகைப்பை விகாரத்தால் பிரிப்பது. ஒரு பொருளை இழுத்தால் அது எவ்வளவு நீள மறுக்கிறது, அதாவது எவ்வளவு விறைப்பானது என்பதைச் சொல்லும் எண் அது. உருக்குக்கு ஏறத்தாழ 200 கிகாபஸ்கால். இழுத்துக்கொண்டே போனால் எந்த இடத்தில் அறும் என்பது வேறு கேள்வி. அது முறிவுப் பலம். செய்திகளில் "பலம்" எண்டு ஒரே சொல்லில் இரண்டையும் போட்டுக் கலக்கிவிடுவார்கள்.

வித்தியாசம் விளங்க, தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏற்றுகிற பட்டத்தை நினைச்சுப் பாருங்கோ. நூறு மீற்றர் நூல் விட்டிருக்கிறீர்கள். நடுவில் ஒரு இடத்தில், ஒரு விரற்கடை நீளத்துக்கு, நூலின் பாதி இழைகள் அறுந்திருக்கு. இந்தப் பழுதால் முழு நூலின் நீட்சி மாறுமோ? அளந்தாற்கூடத் தெரியாது. நூறு மீற்றரில் ஒரு விரற்கடை மட்டும் கொஞ்சம் கூடுதலாக நீளும், அவ்வளவுதான். ஆனால் காத்து இறுக்கினால் நூல் எங்கே அறும்? சரியாக அந்த இடத்தில். அதுவும் நல்ல நூல் தாங்குகிற இழுவையில் பாதிக்கே.

விறைப்பு முழு நூலினதும் சராசரி. பலம் அந்த நூலின் ஆக மோசமான ஒரு புள்ளி. இதை மனசில் வைச்சுக்கொண்டால் இனி வருகிற எண்கள் எல்லாம் விளங்கும்.

ஹூக் முதல் கிரிபித் வரை

நீட்சியும் விசையும் விகிதசமம் எண்டதை றொபேட் ஹூக் 1676 இல் வெளியிட்ட விதமே ஒரு வேடிக்கை. யாரும் திருடக்கூடாதெண்டு எழுத்துகளைக் கலைத்துப்போட்டு ஒரு புதிராக அச்சிட்டார். விடையை 1678 இல்தான் சொன்னார். தோமஸ் யங் 1807 இல் தன் விரிவுரைத் தொகுப்பில் மட்டு என்ற கருத்தை விளக்கினார். அதுவரை எல்லாம் ஒழுங்காகப் போனது.

சிக்கல் அணுக்களைப் பற்றித் தெரியவந்த பிறகு வந்தது. அணுக்களுக்கிடையிலான பிணைப்பின் பலத்தை வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு திண்மத்தின் முறிவுப் பலம் அதன் யங்கின் மட்டின் பத்தில் ஒன்று அளவுக்கு இருக்கவேணும். கண்ணாடியோ இரும்போ அந்தக் கணக்குக்குக் கிட்டவும் வரவில்லை. பல மடங்கு குறைந்த இழுவையிலேயே உடைந்தன. பிணைப்புகள் இவ்வளவு பலமெண்டால் பொருள் ஏன் இவ்வளவு பலவீனம்?

இங்கிலாந்தின் பான்பரோவில் விமானப் பொறியியல் ஆய்வு செய்துகொண்டிருந்த கிரிபித் 1920 இல் இதற்குப் பதில் சொன்னார். கண்ணாடியை மெல்லிய இழைகளாக இழுத்து, ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்தார். இழை மெலிய மெலிய அதன் பலம் கூடிக்கொண்டே போனது. காரணம், கண்ணாடி முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் இருந்தன. வெடிப்பின் நுனியில் தகைப்பு குவியும். ஒரு எல்லையைத் தாண்டினால் வெடிப்பு தானாக ஓடும். மெல்லிய இழைக்குள் பெரிய வெடிப்பு அடங்க இடமில்லை, அதனால் அது பலமானது.

1934 இல் டெய்லர், ஒரோவன், பொலானி மூவரும் தனித்தனியே உலோகங்களுக்கு இதே மாதிரியான இன்னொரு விளக்கம் கொடுத்தார்கள். உலோகப் பளிங்கின் அணு வரிசையில் ஒரு பிசகு இருந்தால், அந்தப் பிசகு நகர்ந்து நகர்ந்து உலோகத்தை வளையவைக்கும்.

இந்த இரண்டு கண்டுபிடிப்பும் சேர்ந்து ஒரு கனவை உண்டாக்கின. பழுதே இல்லாத ஒரு இழையைச் செய்ய முடிந்தால்? அது கணக்கில் வருகிற முழுப் பலத்தையும் தரும் அல்லவா? நனோகுழாயின் கதை உண்மையில் இந்தக் கனவில்தான் தொடங்குகிறது.

குழாய்க்கு முந்திய குழாய்கள்

காபனுக்கு இந்தக் கனவில் ஒரு தனி இடம் உண்டு. எங்கட போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் எடுக்கிற பென்சிற்கரியை எடுங்கோ. காபன் அணுக்கள் அறுகோணி அறுகோணியாகப் பின்னிய தட்டுகள், ஒன்றின் மேல் ஒன்று அடுக்கியிருக்கும். தட்டுகளுக்கிடையில் பிடிப்புக் குறைவு, அதனால்தான் பென்சில் எழுதுகிறது. ஆனால் ஒரு தட்டுக்குள்ளே இருக்கிற காபன் பிணைப்பு இயற்கையில் உள்ள ஆகப் பலமான பிணைப்புகளில் ஒன்று. தட்டின் திசையில் இழுத்தால் யங்கின் மட்டு ஏறத்தாழ 1000 கிகாபஸ்கால், உருக்கின் ஐந்து மடங்கு.

அமெரிக்காவில் யூனியன் காபைட் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் வேலை செய்த றொஜர் பேக்கன் 1958 இல் மெல்லிய பென்சிற்கரி இழைகளை உருவாக்கினார்; 1960 இல் அதைப் பற்றிய கட்டுரை வந்தது. பாயைச் சுருட்டினது போலத் தட்டுகள் சுருண்ட இழைகள். அவற்றின் யங்கின் மட்டு ஏறத்தாழ 700 கிகாபஸ்கால், முறிவுப் பலம் 20 கிகாபஸ்கால். ஒரு கிகாபஸ்கால் எண்டால் எவ்வளவு எண்டு யோசிக்கிறவர்களுக்கு: ஒரு சதுர மில்லிமீற்றர் குறுக்குவெட்டுள்ள கம்பியில் ஏறத்தாழ 100 கிலோவைத் தொங்கவிடுகிற தகைப்பு. பேக்கனின் இழை அந்தத் தடிப்பில் இருந்தால் இரண்டு தொன் தாங்கியிருக்கும்.

அதற்கும் முன்னமே, 1952 இல், ரதுஷ்கேவிச், லுக்யானோவிச் என்ற இரண்டு சோவியத் ஆய்வாளர்கள் உள்ளே வெறுமையான காபன் குழாய்களின் படங்களை ரஷ்ய மொழிச் சஞ்சிகையொன்றில் வெளியிட்டிருந்தார்கள். பனிப்போர்க் காலம், ரஷ்ய மொழி. மேற்கில் அதைக் கவனித்தவர்கள் மிகக் குறைவு. 1976 இல் ஒபர்லின், எண்டோ, கொயாமா மூவரும் இதே மாதிரிக் குழாய்களைக் காட்டினார்கள். ஆனாலும் 1985 இல் 60 காபன் அணுக்களால் ஆன பந்து கண்டுபிடிக்கப்பட்டு உலகம் காபனைத் திரும்பிப் பார்த்த பிறகுதான், 1991 இல் ஜப்பானின் நெக் நிறுவனத்தைச் சேர்ந்த சுமியோ இஜிமா நேச்சர் சஞ்சிகையில் எழுதிய கட்டுரை பெரிதாக வெடித்தது. அவருடைய குழாய்களுக்குப் பல சுவர்கள். ஒற்றைச் சுவர்க் குழாய்கள் 1993 இல் வந்தன, இஜிமா குழுவும் ஐபிஎம் நிறுவனத்தில் பெத்யூன் குழுவும் தனித்தனியே. யார் முதலில் கண்டது என்ற சண்டை இண்டைக்கும் முடியவில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் எல்லாருக்கும் ஒரே எண்ணம்: கிரிபித் கனவு கண்ட இழை இதுதான்.

அளக்கத் தொடங்கினார்கள்

சில நனோமீற்றர் தடிப்புள்ள குழாயை எப்படி இழுத்துப் பார்ப்பது? பிடிக்கவே முடியாது. முதல் வழி, இழுக்காமலே அளப்பது. 1996 இல் ட்ரீசி, எபெசன், கிப்சன் மூவரும் ஒரு முனை பிடிபட்டு மறுமுனை சும்மா நிற்கும் குழாய்களை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். நுனி மங்கலாகத் தெரிந்தது. வெப்பத்தால் நுனி அதிர்வதுதான் காரணம். விறைப்பான குழாய் குறைவாக அதிரும், தொய்ந்த குழாய் கூட அதிரும். அந்த மங்கலின் அகலத்தை வைத்து யங்கின் மட்டைக் கணித்தார்கள். பதினொரு குழாய்களின் சராசரி 1800 கிகாபஸ்கால். ஆனால் தனித்தனியே பார்த்தால் 400 இலிருந்து 4150 வரை சிதறிக் கிடந்தது.

1997 இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் வோங், ஷீஹன், லீபர் குழு அணுவிசை நுணுக்குக்காட்டியின் ஊசியால் குழாயைப் பக்கவாட்டில் தள்ளி வளைத்தது. விடை 1280, அதற்கு 590 கூடவோ குறையவோ. 1998 இல் ஒற்றைச் சுவர்க் குழாய்களுக்கு 1250 என்ற சராசரி வந்தது.

இதோடு ஒரு வேடிக்கையான தகராறும் இருந்தது. தகைப்பைக் கணிக்கக் குறுக்குவெட்டுப் பரப்பு வேணும். ஒரே ஒரு அணு தடிப்பான சுவருக்குத் தடிப்பு எவ்வளவு? பெரும்பாலானோர் பென்சிற்கரித் தட்டுகளுக்கிடையிலுள்ள இடைவெளியான 0.34 நனோமீற்றரை எடுத்தார்கள். 1996 இல் யாக்கப்சன் குழு, சுவரை ஒரு மெல்லிய ஓடாக நினைத்து அதன் வளைதலையும் நீட்சியையும் பொருத்திப் பார்த்து, 0.066 நனோமீற்றர் எண்டு எடுத்தது. விளைவு, அதே குழாய்க்கு 5500 கிகாபஸ்கால்! குழாய் மாறவில்லை, பிரிக்கிற எண் மட்டும் மாறியது. பத்திரிகைகளில் பெரிய எண்ணைக் கண்டால் அது எதனால் பிரித்து வந்தது எண்டு கேட்கப் பழகவேணும் என்பதற்கு இது நல்ல பாடம்.

இந்தச் சிதறல்களில் ஒரு பங்கு அளவீட்டுப் பிழை. ஒரு பங்கு தடிப்புத் தகராறு. மிச்சம்?

லோசானில் தெரிந்த வித்தியாசம்

மிச்சத்துக்குத் தெளிவான பதில் 1999 இல் சுவிற்சர்லாந்தின் லோசான் நகரிலிருந்து வந்தது. சல்வேற்றா குழுவின் பரிசோதனை எளிமையானது. சின்னத் துளைகள் நிறைந்த அலுமினா வடிதட்டொன்றின் மேல் குழாய்களைத் தூவினார்கள். சில குழாய்கள் துளைக்குக் குறுக்கே, வாய்க்காலுக்குப் போட்ட பனங்குற்றி மாதிரிக் கிடந்தன. நடுவில் ஊசியால் அமத்தி, எவ்வளவு தாழ்கிறது எண்டு பார்த்தார்கள்.

முக்கியம் என்னவெண்டால், அவர்கள் இரண்டு விதமான குழாய்களை ஒரே முறையில் அளந்தார்கள். ஒன்று மின்வில்லில் செய்தது. இரண்டு காபன் கோல்களுக்கிடையில் மின்பொறி பாய்ச்சி, சில ஆயிரம் பாகை வெப்பத்தில் உருவாகிற குழாய். அந்தச் சூட்டில் அணுக்களுக்குத் தங்கள் சரியான இடத்தைத் தேடிப்போய் இருக்க வாய்ப்பு உண்டு. மற்றது, உலோகத் துகளொன்றை ஊக்கியாக வைத்து, காபன் உள்ள வாயுவை அதன் மேல் விட்டு, ஆயிரம் பாகைக்கும் குறைந்த சூட்டில் வளர்த்தது. இது மலிவு, நிறையச் செய்யலாம். ஆனால் அணுக்கள் அவசரத்தில் குந்தின இடத்திலேயே இருந்துவிடும்.

மின்வில் குழாயின் யங்கின் மட்டு ஏறத்தாழ 810 கிகாபஸ்கால். ஊக்கியில் வளர்த்த குழாயினது 10 க்கும் 50 க்கும் இடையில். ஒரே மூலகம், ஒரே பெயர், நுணுக்குக்காட்டியில் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே உருவம். விறைப்பிலோ பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். ஈயத்துக்குக் கிட்டத்தட்ட 16, அலுமினியத்துக்கு 70. "உருக்கை வெல்கிற பொருள்" எண்டு சொன்னது அலுமினியத்துக்கும் கீழே விழுந்துவிட்டது.

இங்கே நீங்கள் என்னை மறிச்சுக் கேட்கவேணும்: விறைப்பு சராசரி, ஓரிரு பழுதால் மாறாது எண்டு பட்ட நூலைக் காட்டிச் சொன்னீர்களே? சரிதான். ஓரிரு பழுதால் மாறாது. நீளமான குழாயில் ஒரு அணு இல்லாமற்போனால் யங்கின் மட்டு அசைவது மிகச் சொற்பம் எண்டு கணினிப் பாவனைகளும் காட்டுகின்றன. ஊக்கிக் குழாய்களில் நடந்தது வேறு. அங்கே பழுது முழு நீளத்துக்கும் பரவியிருந்தது. இப்படிக் குறைந்த சூட்டில் வளர்கிற பல குழாய்களில் சுவர்த் தட்டுகள் அச்சுக்குச் சமாந்தரமாக ஓடாமல், ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிய கிண்ணங்கள் போலச் சாய்ந்திருக்கும். இழுத்தால் பாரத்தைத் தாங்குவது தட்டுக்குள் இருக்கிற பலமான பிணைப்பு இல்லை, தட்டுகளுக்கிடையில் வழுக்குகிற அந்தப் பென்சில் பிடிப்பு. நூலில் ஒரு இடத்தில் பிசிறு என்பது ஒன்று. முழு நூலையும் திரிக்காமலே விட்டது என்பது இன்னொன்று.

அதனால் சந்தையில் "காபன் நனோகுழாய்" எண்டு கிலோக் கணக்கில் விற்கிறதற்கும், செய்தியில் வந்த அந்த எண்ணுக்கும் இடையில் பெரிய தூரம் இருந்தது. மலிவாகச் செய்கிற வழியே பழுதைக் கூட்டுகிற வழியாகவும் இருந்தது.

பழுது எண்டால் என்ன?

இரண்டு வகையைத் தெரிந்துகொண்டால் போதும். முதலாவது, அணு இல்லாத ஓட்டை. அறுகோணி வலையில் ஒரு காபன் அணு தன் இடத்தில் இல்லை. குழாய் வளரும்போதும் வரலாம், கதிர்வீச்சு பட்டும் வரலாம்.

இரண்டாவது கொஞ்சம் நுட்பமானது. அணு ஒன்றும் காணாமற்போகாது. இரண்டு அணுக்களை இணைக்கிற பிணைப்பு 90 பாகை திரும்பிவிடும். அதைச் சுற்றியிருந்த நாலு அறுகோணிகள் இரண்டு ஐங்கோணியாகவும் இரண்டு எழுகோணியாகவும் மாறும். கேம்பிரிட்ஜின் அந்தனி ஸ்டோன், டேவிட் வேல்ஸ் இருவரும் 1986 இல் இதை விவரித்தார்கள். அவர்கள் யோசித்தது நனோகுழாயை இல்லை. இஜிமாவின் கட்டுரைக்கு இன்னும் ஐந்து வருசம் இருந்தது. காபன் பந்தின் அணுக்கள் எப்படி இடம் மாறி அடுங்கலாம் என்ற இரசாயனக் கேள்விக்குத்தான் அவர்கள் விடை தேடினார்கள். 1998 இல் நார்தெல்லி, யாக்கப்சன், பேர்னோல்க் மூவரும் அதே திருப்பத்தை நனோகுழாயில் கொண்டுவந்து வைத்தார்கள். குழாயை ஏறத்தாழ 5 வீதத்துக்கு மேல் நீட்டினால், அப்படித் திரும்பிய பிணைப்பு சக்தியில் லாபமாகிவிடும் எண்டு அவர்களுடைய கணிப்புச் சொன்னது. அதாவது, பழுது முதலே இருக்கவேணும் எண்டில்லை. இழுவையே பழுதை உண்டாக்கும்.

இதெல்லாம் கணினிக்குள் இருந்த கதை. 2004 இல் ஜப்பானில் ஹஷிமோட்டோ, சுவெனாகா, இஜிமா குழு ஒற்றைச் சுவரில் அணு குறைந்த இடங்களை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் நேரடியாகக் காட்டியது. 2007 இல் ஐங்கோணி எழுகோணிச் சோடிகளும் படத்தில் அகப்பட்டன. காகிதத்தில் இருபது வருசம் இருந்த ஒரு உருவத்தைக் கண்ணால் பார்ப்பது சின்ன விஷயம் இல்லை.

இழுத்து உடைத்தவர்கள்

விறைப்பை அளந்தாச்சு. உடைத்துப் பார்க்க 2000 ஆம் ஆண்டு வரை காத்திருக்கவேண்டி வந்தது. மின்-பெங் யூ, ரொட்னி ருவொவ் குழு இலத்திரன் நுணுக்குக்காட்டிக்குள்ளேயே இரண்டு நுண்ணூசிகளுக்கிடையில் பல சுவர்க் குழாயொன்றை ஒட்டி, இரண்டு பக்கமும் இழுத்தது. பத்தொன்பது குழாய்கள். வெளிச்சுவர் அறுந்து, உள்ளிருந்த சுவர்கள் உறையிலிருந்து வாளை உருவினது மாதிரி வழுக்கி வெளியே வந்தன. வெளிச்சுவரின் யங்கின் மட்டு 270 முதல் 950 வரை. முறிவுப் பலம் 11 முதல் 63 கிகாபஸ்கால் வரை.

63 எண்டால் ஒரு சதுர மில்லிமீற்றருக்கு ஆறு தொன்னுக்கு மேல். எந்த உருக்கும் கிட்ட வராது. ஆனால் கோட்பாடு சொன்னது 100 க்கும் மேல். அதிலும் 11 க்கும் 63 க்கும் இடையில் இவ்வளவு சிதறல் ஏன்? கிரிபித்தின் கண்ணாடி இழைகள் எழுப்பிய அதே கேள்வி, எண்பது வருசத்துக்குப் பிறகு, இன்னும் மிகச் சின்ன அளவில்.

2004 இல் மீல்கி குழுவின் கணிப்பு பதிலைக் கிட்டக் கொண்டுவந்தது. ஒன்றிரண்டு அணு இல்லாத ஓட்டை முறிவுப் பலத்தை 26 வீதம் வரை குறைக்கும். ஓட்டை பெருக்கப் பெருக்க இன்னும் கூடுதலாகக் குறையும். குழாய்களைச் சுத்தப்படுத்த அமிலத்தில் போட்டு எடுக்கிற முறைகளே இப்படியான ஓட்டைகளை உண்டாக்கலாம் என்ற சந்தேகமும் எழுந்தது. விறைப்பில் தெரியவே தெரியாத ஒரு அணு, பலத்தில் கால்வாசியைக் கொண்டுபோய்விடுகிறது. நூல் உவமை அணு அளவிலும் நிற்கிறது.

2008 இல் நோத்வெஸ்ரேர்ண் பல்கலைக்கழகத்தில் எஸ்பினோசா குழு தரமான குழாய்களை எடுத்து, பழுது சேராமல் கையாண்டு, இழுத்துப் பார்த்தது. சராசரி முறிவுப் பலம் 100 கிகாபஸ்காலைத் தாண்டியது. கோட்பாடு பொய்யில்லை. பழுதில்லாத குழாய் உண்மையிலேயே அவ்வளவு தாங்கும்.

பழுது பலமாகிற இடம்

இந்த இடத்தில் கதை ஒரு திருப்பம் எடுக்கும். நனோகுழாயை ஒன்றாகப் பயன்படுத்த முடியாது. கட்டாகத்தான் பயன்படுத்த வேணும். கட்டுக்குள் குழாய்களுக்கிடையில் பிடிப்பு மிகக் குறைவு, ஒன்றோடொன்று வழுக்கும். ஒவ்வொரு குழாயும் விறைப்பு, ஆனால் கட்டு வளைந்துகொடுக்கும்.

லோசான் குழுவே, கிஸ் தலைமையில், 2004 இல் கட்டுகள் மீது இலத்திரன் கதிரைப் பாய்ச்சியது. கதிர் பட்டு அணுக்கள் இடம்பெயர, பக்கத்துக் குழாய்களுக்கிடையில் புதிய பிணைப்புப் பாலங்கள் உண்டாகின. கட்டின் வளைவு விறைப்பு முப்பது மடங்கு கூடியது. அளவுக்கு மிஞ்சிப் பாய்ச்சினால் குழாய்களே சிதைந்து விறைப்பு திரும்பக் குறையத் தொடங்கும். 2008 இன் அந்த நோத்வெஸ்ரேர்ண் ஆய்விலும், கதிர்வீச்சால் சுவர்களுக்கிடையில் பாலம் போட்ட பல சுவர்க் குழாய் தாங்கிய பாரம் 11.6 மடங்கு வரை கூடியது. முந்தி வெளிச்சுவர் மட்டும் சுமந்த பாரத்தை இப்போது உட்சுவர்களும் பங்குபோட்டன.

2006 இல் இன்னொரு ஆச்சரியம். 2000 பாகைக்கு மேல் சூடாக்கி இழுத்தபோது ஒரு ஒற்றைச் சுவர்க் குழாய் அறாமல் 280 வீதம் நீண்டது. பழுதுகள் உண்டாகி, நகர்ந்து, அணுக்கள் இடம் மாறி மாறிக் குழாய் மெலிந்துகொண்டே போனது. குளிரில் குழாயை உடைக்கிற பழுது, சூட்டில் அதை உடையாமல் காப்பாற்றியது.

ஆக, பழுது நல்லதா கெட்டதா எண்டு ஒரே சொல்லில் பதில் இல்லை. எந்த இடத்தில், எவ்வளவு, எந்தச் சூட்டில், தனிக்குழாயா கட்டா என்பதைப் பொறுத்தது.

கிளார்க்கின் கம்பி

இந்தக் கதைக்கும் எங்கட தீவுக்கும் உண்மையான ஒரு தொடர்பு இருக்கு. 1956 இலிருந்து 2008 இல் இறக்கும் வரை இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க் 1979 இல் எழுதிய நாவல் 'த பவுண்டன்ஸ் ஒப் பரடைஸ்'. பூமியிலிருந்து விண்வெளிக்குக் கம்பியில் ஏறுகிற ஒரு மின்தூக்கியைக் கட்டுகிற கதை. அதன் அடி நிற்பது 'தப்ரபேன்' என்ற தீவின் மலையொன்றில். சிவனொளிபாதமலையையும் சிகிரியாவையும் தெரிந்தவர்களுக்கு அந்தத் தீவு எதெண்டு உடனே விளங்கும். மத்திய கோட்டில் நிற்கவேண்டும் என்பதற்காக அவர் தீவை 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தினார், அவ்வளவுதான். கம்பிக்கு அவர் கற்பனை செய்தது வைரப் பளிங்காலான, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஒரு இழை.

நனோகுழாய் வந்ததும், "கிளார்க்கின் இழை கிடைச்சிட்டுது" எண்டு பலர் நினைத்தார்கள். 2000 த்தின் தொடக்கத்தில் நாசாவின் நிதியோடு பிரட்லி எட்வர்ட்ஸ் 100,000 கிலோமீற்றர் நீளமான நனோகுழாய் நாடாவுக்குத் திட்டமே போட்டார். 2006 இல் இத்தாலியப் பொறியியலாளர் நிக்கோலா புக்னோ குறுக்கே வந்தார். இவ்வளவு நீளத்தில் பழுது இல்லாமல் இருக்கவே முடியாது, அதனால் கோட்பாட்டுப் பலத்தில் ஏறத்தாழ 70 வீதம் போய்விடும் என்பது அவருடைய வாதம்.

நாங்களே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பம். 2005 இல் கலிபோர்னியாவில் ஒரு குழு தரமான ஒற்றைச் சுவர்க் குழாய்களில் பழுதுகளை எண்ணியது. சராசரியாக 4 மைக்ரோமீற்றருக்கு ஒன்று. 1.4 நனோமீற்றர் விட்டமுள்ள குழாயெண்டால் அந்த நீளத்தில் ஏறத்தாழ 6.7 இலட்சம் அணுக்கள் இருக்கும். 6.7 இலட்சத்தில் ஒன்று பிழை! எந்தத் தொழிற்சாலையும் பெருமைப்படுகிற தரம். ஆனால் ஒரு மீற்றருக்கு அது 250,000 பழுது. புவிநிலைச் சுற்றுப்பாதை வரையான 36,000 கிலோமீற்றருக்கு ஒரு குழாயில் மட்டும் 9 இலட்சம் கோடி பழுது. அதில் ஆக மோசமான ஒன்றுதான் கம்பியின் பலத்தைத் தீர்மானிக்கும். நுணுக்குக்காட்டிக்குள் பிடித்த சில மைக்ரோமீற்றர் குழாயின் எண்ணை எடுத்துக் கம்பிக்குப் போட ஏலாது என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

அதற்காக முயற்சி நின்றுபோகவில்லை. 2013 இல் சீனாவின் சிங்குவா பல்கலைக்கழகத்தில் அரை மீற்றருக்கும் மேல் நீளமான ஒரு குழாயை வளர்த்தார்கள். 2018 இல் அதே இடத்தில் சென்ரிமீற்றர் நீளக் குழாய்களைக் கட்டாக்கி 80 கிகாபஸ்காலுக்கு மேல் எடுத்தார்கள். அதன் இரகசியம் பழுதில்லாத குழாய் மட்டும் இல்லை. கட்டில் உள்ள எல்லாக் குழாயும் ஒரே அளவு இறுக்கத்தில் இருக்கும்படி இறுக்கித் தளர்த்திச் சமன் செய்தார்கள். தேர் வடம் பிடிக்கிறவர்களுக்கு இது புதுசில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் இழுத்தால்தான் தேர் அசையும். நாலு பேர் மட்டும் இழுத்தால் அந்த நாலு பேரின் கைதான் உரியும்.

விண்ணுக்குக் கம்பி இன்னும் இல்லை. நனோகுழாய் இப்போது அதிகம் வேலை செய்கிற இடங்களில் ஒன்று லிதியம் மின்கலத்தின் மின்வாய்க்குள். அங்கே அது பாரம் சுமக்கிறதில்லை, மின்னைக் கடத்துகிறது. கனவு கண்ட வேலை வேறு, கிடைச்ச வேலை வேறு. இது எங்களில் நிறையப் பேருக்கும் தெரிந்த நிலைமைதான்.

அந்தப் பழைய வசனத்தை அடுத்த முறை எங்கேயாவது கண்டால் மூன்று கேள்வி கேளுங்கோ. சொல்லுறது விறைப்பையா, பலத்தையா? எவ்வளவு நீளமான குழாயில் அளந்தது? எப்படிச் செய்த குழாய்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத எண் விளம்பரத்துக்கு உதவும், வேறொன்றுக்கும் உதவாது. 1999 இல் லோசானில் இருந்தவர்கள் 810 ஐ மட்டும் வெளியிட்டுவிட்டு மற்றதை மேசை இலாச்சிக்குள் வைத்திருக்கலாம். அவர்கள் 10 ஐயும் 50 ஐயும் சேர்த்தே அச்சிட்டார்கள். பிறகு வந்தவர்கள் எங்கே திருத்தவேண்டும் எண்டு கண்டுபிடிக்க உதவினது அந்தச் சின்ன எண்கள்தான்.